கட்டிலளவு இடம்

கூதிர்க்காலம் அந்த ஆண்டு வந்ததும் தெரியவில்லை. போகவும் மனமில்லாமல் நின்றது. மழை முழுதாய்ப் பெய்து ஓயவில்லை; வெயில் முழுதாய் முகம் காட்டவும் இல்லை. பிழிந்தும் உலராத துணியைப்போல் வானம் நாள்தோறும் தாழ்ந்து தொங்கிற்று. இலைகள் ஓயாது நீர் சொட்டின. பறவைகள் சிறகை ஒடுக்கியபோது குரலையும் சேர்த்தே ஒடுக்கிக்கொண்டன. பிற்பகல் மூன்று மணிக்கே அறைகளில் விளக்குப் போட வேண்டியிருந்தது. தீரா நோயாளரை இறுதிவரை பேணும் அந்த இல்லத்தில், சன்னல் கண்ணாடியில் வழியும் ஈரத்தைத் துடைக்கவும் எவருக்கும் தோன்றாத பருவம் அது.

அவ்வில்லத்தின் உணவுக்கூடத்தில், மைதானங்களை நிரப்பிப் பழகிய ராக் இசைக்குழு ஒன்று அன்று நான்கு மணிக்கு வாசிக்க இருந்தது. எல்லா அறைகளுக்கும் ஆக்ஸிஜன் குழாய் பதிக்க நிதி திரட்டுவது நோக்கம். வருவது இன்ன குழு என்று எவருக்கும் தெரியாது. கொடையாளர் அறுபது பேருக்கும் தேநீர்க் கூட்டம் என்றே அழைப்புப் போயிருந்தது. இல்லத்தில் உண்மை தெரிந்தவர் நிர்வாகி ஒருவரே. மற்றவர்களிடம், ஒலிபெருக்கிகளைப் பழுதுபார்க்கப் போகிறார்கள், சற்று இரைச்சலாயிருக்கும் என்று சொல்லியிருந்தார்.

இந்தக் கட்டுப்பாட்டை வகுத்தவர் குழுவின் ஒலிப்பொறியாளர். மேடையில் நில்லாமல், கூடத்தின் பின்புறம் மிக்ஸருக்கு முன் அமர்ந்து, குரலும் கருவியும் எந்த அளவில் ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர். பேச்சுக் குறைவு என்பதால் ‘முனிவர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முன்பொரு முறை இத்தகைய திடீர்க் கச்சேரியின் செய்தி யாரோ ஒருவரின் வீட்டிலிருந்து கசிந்தது. ஓர் அங்காடி வாசலில் கூட்டம் நெருக்கி, பெண்ணொருத்தியின் கால் முறிந்தது. அன்றிலிருந்து முனிவரின் சட்டம்: வீட்டாருக்கும் சொல்லக் கூடாது, பதிவு செய்யக் கூடாது, முடிந்த அரைமணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

அந்த இல்லத்தின் கடைசி அறையில் முனிவரின் அக்கா படுத்திருந்தாள். பெற்றோர் போன பின், தையல் இயந்திரத்தை மிதித்து அவரை வளர்த்தவள். பத்தொன்பதாம் வயதில் அவர் இசைக்குழுவோடு கிளம்பியபோது தடுக்கவில்லை. முப்பது ஆண்டுகளில் ஒரு கச்சேரிக்கும் அவளால் வர முடிந்ததில்லை. எப்போதும் யாருக்கோ அவசரமாய்த் துணி முடிக்க வேண்டியிருந்தது. இப்போது மருத்துவர் வாரக்கணக்கை விட்டு நாள்கணக்குக்கு வந்திருந்தார். போன வாரம் அவள் கேட்டாள்:

“டிவியில பார்த்தா உன்ன மட்டும் காணோம். நீ அங்க என்னதான்டா பண்ற?”

“எல்லாருக்கும் சரியா கேட்குற மாதிரி பண்றேன்க்கா.”

“அத ஒரு தடவ கேட்கணும். அதுக்கப்புறம் கூப்பிட்டா போயிடலாம்.”

அந்தச் சொல்லுக்காகத்தான் குழுவை அவர் இங்கே அழைத்து வந்தார்.

கூடம் ஒலிக்கு ஒவ்வாதது. சுவரெல்லாம் வழவழப்பான ஓடு. கைதட்டினால் மூன்று முறை திரும்பி வந்தது. முனிவர் கம்பளிகளை வாங்கிச் சுவரில் தொங்கவிட்டார். டிரம்களின் மேல் துண்டுகளை மடித்து வைத்தார். அலமாரித் தட்டுகள் அதிராதபடி அனைத்தையும் இறக்கினார். வலப்புறக் கதவருகே நாற்காலிகளை அகற்றி, சக்கரக் கட்டில் ஒன்று நிற்குமளவு இடம் விட்டார். ஒரு ஸ்பீக்கரை அவ்விடம் நோக்கித் திருப்பி, அதன் கூர்மையை மட்டும் தணித்தார்.

டிரம்ஸ் வாசிப்பவன் துண்டை விரலால் தட்டிப் பார்த்தான். “என்ன முனிவரே, டிரம்முக்குச் சளி பிடிச்சிருக்கா?”

“மெல்ல அடி. இது ஆஸ்பத்திரி.”

“இருபது வருஷமா இதத்தான் சொல்றீங்க. இன்னைக்குத்தான் காரணம் சரியா இருக்கு.”

பாடகன் அருகே வந்து குரலைத் தாழ்த்தினான். “அண்ணே, அக்காகிட்ட மட்டுமாவது ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்.”

“உன் பொண்டாட்டிகிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“அப்ப எனக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா? மூணே முக்காலுக்கு நிர்வாகி சொல்லுவார், கட்டில தள்ளிட்டு வருவாங்க. கதவு திறக்கும்போது அவ முகத்த நான் பார்க்கணும்.”

நான்கு மணிக்கு அறுபது பேரும், நடக்க இயன்ற நோயாளரும் அமர்ந்தார்கள். குழு உள்ளே வந்ததும் முதலில் ஒருவரும் அசையவில்லை. பின்பு கூடமே எழுந்து நின்றது. கட்டிலளவு இடம் காலியாகவே இருந்தது. கட்டில் வராமலே முதற்பாட்டு தொடங்கிவிட்டது. முனிவரின் விரல்கள் மிக்ஸரில் இருந்தன. கண் கதவில் இருந்தது. அந்தக் கூடத்திலிருந்து எவரும் எதிர்பாராத தெளிவோடு ஒலி எழுந்தது. கிதாரின் கடைசி நடுக்கம்வரை கேட்டது. இரண்டாம் பாட்டின் முடிவில் செவிலி தனியே உள்ளே வந்து அவர் பின்னால் குனிந்தாள்.

“அக்காவ இப்ப கொண்டுவர முடியாது சார். தூங்குறாங்க.”

“எழுப்புங்க சிஸ்டர்.”

“எழுந்துக்க மாட்டாங்க. ஸ்பீக்கர் ரிப்பேர், பயங்கர சத்தமா இருக்கும்னு காலையிலயே சொன்னாங்க. அவங்களுக்குச் சத்தம் கேட்டா வலி கூடும். அதனால டாக்டர்கிட்ட கேட்டு, ராத்திரி போடுற ஊசிய மூணு மணிக்கே போட்டுட்டேன்.” பின்பு அவள் கேட்டாள்: “எனக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?”

அவர் தலையசைத்தார். மூன்றாம் பாட்டு தொடங்கிவிட்டதால் இருக்கையை விட்டு எழ வழியில்லை. ஒன்பது பாட்டுகளையும் பிழையின்றி நடத்தினார். பாடகன் நான்கு முறை கதவோரத்தைப் பார்த்தான். ஐந்தாம் முறை பார்க்கவில்லை. கொடையாளர்களில் ஒரு முதியவர், தம் வாழ்நாளில் இவ்வளவு துலக்கமாய் எதையும் கேட்டதில்லை என்று முனிவரின் கையைப் பற்றிச் சொன்னார். முனிவர் நன்றி சொன்னார்.

“காத்திருப்போம் முனிவரே. அவங்க எழுந்ததும் இன்னொரு தடவ வாசிப்போம்” என்றான் டிரம்ஸ்காரன்.

முனிவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். யாரோ செல்போனில் செய்தி அனுப்பிவிட்டார்கள் போலும். வாயிலில் குடைகள் சேரத் தொடங்கியிருந்தன. குடைகளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று வழி கேட்டு நின்றது.

“கிளம்புங்க” என்றார். அவர்கள் தயங்கினார்கள். “கிளம்புங்கடா.”

பின்வாசல் வழியே அவர்கள் போனார்கள். முனிவர் கம்பளிகளைத் தாமே இறக்கி மடித்துக் கொடுத்துவிட்டு, கடைசி அறைக்குப் போய் அமர்ந்தார்.

ஆறு மணியளவில் அக்கா கண் திறந்தாள். நாக்குக் குழறியது.

“எப்படா வந்த?”

“மத்தியானமே வந்துட்டேன்க்கா.”

“எழுப்ப வேண்டியதுதான?” அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். “என்ன ஆச்சு?”

பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. ஆனால் அவர் முழுவதையும் சொன்னார்.

“எனக்குக்கூட சொல்லக் கூடாதா?”

“சட்டம்க்கா.”

“யாரு போட்டது?”

“நான்தான்.”

அவள் சிரிக்க முயன்றாள், அது இருமலாயிற்று. “கண்ணாமூச்சி ஆடும்போதும் நீ இப்படித்தான். எல்லாரும் ஆட்டத்த முடிச்சுட்டு சாப்பிடப் போயிடுவாங்க. நீ மட்டும் கட்டிலுக்கு அடியில மூச்சக்கூட விடாம உட்கார்ந்திருப்ப.”

அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “ஆசையா இருந்துச்சுடா” என்றாள்.

வெளியே ஈரம் சொட்டியது. அவள் மூச்சு ஏறுவதும், தயங்குவதும், இறங்குவதுமாக இருந்தது. ஒலியின் நுண்ணளவுகளையெல்லாம் அறிந்த அவர், அந்த மூச்சின் தயக்கம் நீண்டுவருவதை உணர்ந்தார். நாற்காலியிலிருந்து இறங்கிக் கட்டிலோரத் தரையில் மண்டியிட்டார். எத்தனையோ ஆண்டுகளாய்க் கூப்பாத கைகள் தாமே கூடின. வேண்டுவதற்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆயுளைக் கேட்கவும் கூசிற்று. எல்லா ஒலிக்கும் முன்னே இருந்தவனே, எல்லா ஒலியும் சென்று அடங்கும் இடமே, இவளுக்கு வலி இல்லாதிருக்கட்டும் என்று மட்டும், உதடு அசையாமல், மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் கை போர்வைக்கு வெளியே ஊர்ந்து வந்து, தடவித் தேடி, அவர் தலையின்மேல் நின்றது.

“நல்லா இருடா” என்றாள். “உன் காதுக்கு ஒரு குறையும் வராம, கடைசி வரைக்கும் நல்லதே கேட்டுக்கிட்டு, நல்லா இரு.”