எக்காரணம் கொண்டும்

எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். பொத்தேரிப் பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். ஐம்பது நிமிஷ வகுப்பில் பத்து நிமிஷம் திட்டுவதற்கே போய்விடும். பிள்ளைகள் எனக்குச் 'சுக்குக் கஷாயம்' என்று பெயர் வைத்திருந்தது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன்.

பருவம் தொடங்கும்போது ஒவ்வொரு வகுப்புக்கும் பாடத்திட்டத் தாள் ஒன்று கொடுக்க வேண்டும். எத்தனை யூனிட், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம், எந்தப் புத்தகம், டெஸ்ட் என்றைக்கு, எதற்கு எத்தனை மார்க், வருகை எத்தனை சதவீதம். இதற்கெல்லாம் யார் மூளையைக் கசக்கினார்கள்? போன வருஷத் தாளில் தேதியை மட்டும் மாற்றி ஜெராக்ஸுக்கு அனுப்பிவிடுவோம். அடியில் தடித்த இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வரி இருக்கும். டெஸ்டைத் தவறவிட்டால் எக்காரணம் கொண்டும் மறுதேர்வு கிடையாது. அது எனக்கு முன்னால் இருந்தவர் போட்டது. அவருக்கும் முன்னால் யார் போட்டதோ. 'மாணவர்கள் ஆசிரியரைச் சந்திக்கும் நேரம்' என்று ஒரு கட்டமும் உண்டு. அதில் நான் ஒரு கோடு இழுத்துவிடுவேன். வேண்டுமென்கிறவன் வராமலா போய்விடுவான்?

மறுதேர்வு கிடையாது என்கிற அந்த வரியை யாரும் நம்பியதில்லை. நானே நம்பியதில்லை. அக்கா கல்யாணம், அம்மை போட்டுவிட்டது, பஸ் பிரேக்டவுன் என்று ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பார்கள். அணுபுரம் அரசு ஊழியர் குடியிருப்பிலிருந்து வருகிற நிதின் இருக்கிறானே, ஒரே தாத்தாவை இரண்டு தடவை சாகடித்தவன். காது கூசத் திட்டிவிட்டு, சனிக்கிழமை மறுபடி டெஸ்ட் வைப்பேன். எல்லா டிபார்ட்மெண்டிலும் இதே வழக்கம்தான். அழுத பிள்ளை பால் குடிக்கும்.

"மேடம், அதெல்லாம் சும்மா போடறதுதானே" என்று நிதின் ஒருநாள் என் முகத்துக்கு நேராகவே சொன்னான். அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் காலேஜ் பார்த்தவர்கள். வீட்டிலேயே தெரிந்துகொண்டு வந்திருப்பான்.

நிதின் வகுப்பிலேயே 2002-இல் சேர்ந்தவள் பிரிசில்லா. திருக்கழுக்குன்றம் தாண்டி ஊர். அப்பா பெஞ்சமின் முன்பு அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர், அப்போது அணுபுரம் குடியிருப்பில் கான்ட்ராக்டில் தோட்ட வேலை. அந்த வீட்டிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். முதல் பெஞ்சில் உட்காருவாள், வாயே திறக்கமாட்டாள். "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க?" என்று கேட்டால் சிரிப்பாள். முதல் டெஸ்டில் ஐம்பதுக்கு நாற்பத்தாறு.

இரண்டாவது டெஸ்ட் மார்ச் பன்னிரண்டு, புதன்கிழமை, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. பாதியில் பிரிசில்லா பேனாவைப் பிடித்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன கனவா? எழுதும்மா" என்று அதட்டினேன். குனிந்து எழுதினாள். மணி அடித்ததும் தாளை மேஜையில் வைத்துவிட்டு ஓடினாள். "மணி அடிச்சா போதும், ஒரே ஓட்டம்!" என்று பின்னாலேயே கத்தினேன். என் வாயில் மண்ணைப் போட.

அடுத்த இரண்டு நாளும் அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமை நிதின் வந்து நின்றான். இந்தத் தடவை முகத்தில் விளையாட்டு இல்லை.

"மேடம், பிரிசில்லாவோட அப்பா தவறிட்டாரு. எங்க பிளாக்ல செடிக்கு தண்ணி ஊத்துவாரே, அவருதான். செவ்வாய்க்கெழமை நெஞ்சுவலின்னு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. புதன் காலைல பதினோரு மணிக்கு போயிட்டாரு."

பதினோரு மணி. ஐயோ, நான் 'எழுதும்மா' என்று அதட்டியபோது மணி என்ன இருந்திருக்கும்?

விடைத்தாள் கட்டிலிருந்து அவள் தாளைத் தேடி எடுத்தேன். ஐம்பதுக்குப் பதினொன்று. கடைசிக் கணக்கு சமக்குறியோடு நின்றுபோயிருந்தது.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு அறை. சுவரில் ஏசு படம் போட்ட காலண்டர். அதன் பக்கத்தில் சோற்றுப் பசையில் ஒட்டிய என் பாடத்திட்டத் தாள். கடைசி வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு.

நான் அதைப் பார்ப்பதை அவள் அம்மா செல்லம்மா கவனித்துவிட்டாள்.

"அவருதான் ஒட்டுனாரு டீச்சரம்மா. பாப்பாவ படிக்க சொல்லி அர்த்தம் கேட்டுகினாரு. அந்த கடேசி வரிக்கு கோடு போட்டதும் அவருதான். ஆஸ்பத்திரில படுத்துகினு இன்னா சொல்றாரு? 'நாளைக்கு டெஸ்ட் கீது, உட்டா மறுக்கா வெக்க மாட்டாங்க, பேப்பர்லயே போட்டுகீறாங்க. புள்ளைய அனுப்பிடு.' நான் வோணாம்னுதான் சொன்னேன். அது அழுதுகினே பஸ் ஏறிச்சு. காலீல கண்ணத் தொறந்து 'பாப்பா எங்க'ன்னாரு. 'டெஸ்ட் எழுதுது'ன்னேன். 'நல்லா எழுதட்டும்'னாரு. அப்பால பேச்சு இல்ல."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரிசில்லா டீ கொண்டுவந்தாள். டம்ளரோடு அவள் கையையும் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? இன்னொரு நாள் வெச்சிருப்பேனே. எல்லாருக்கும் வெக்கிறேனே!"

"எல்லாருக்குமா மேடம்?" என்றாள்.

அவள் கண்ணில் கோபமில்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பிச் சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, எதையோ விட்டுவிட்டோமா என்று தேடுகிற மாதிரி மெதுவாகப் படித்தாள்.

"கேக்கலாம்னு இதுல எங்கயும் போடலியே மேடம்."