கழுதைக்குப் பெயர் இருந்த கதை

“பொண்ணு பேரு மட்டும் கார்டுல வந்துச்சுன்னு வெச்சுக்க, நீ கல்யாணத்துக்கு வராத. அதுக்கப்பறமும் வராத.”

ஹாஜ் அப்துல் மௌலா சாதாரணமாகப் போனில் பேசினாலே கால்வாய்க்கு அந்தப் பக்கம் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். இப்போது கோபம் வேறு. அலெக்ஸாந்திரியாவில், மன்ஷிய்யா சந்து ஒன்றின் சின்ன அச்சகத்தில், போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்த மகன் ரிஃபாயிக்கும் அது கேட்டது. காகிதம் வெட்டிக்கொண்டிருந்த முதலாளி லபீபுக்கும் கேட்டது.

“நான் ஒண்ணும் சொல்லலயேப்பா.”

“பேரு என்ன போடணும்னு கேட்டியே, அது என்ன? ஏழு வருஷமா ஊரான் வீட்டுக் கார்டெல்லாம் நீதானடா அடிக்கிற? உனக்குத் தெரியாதா? எழுதிக்க.”

ரிஃபாயி எழுதிக்கொண்டான். மாப்பிள்ளையின் பெயர் பெரிய எழுத்தில், தங்க நிறத்தில். அவனுடைய அப்பா பெயர், தாத்தா பெயர். இந்தப் பக்கம், ‘ஹாஜ் அப்துல் மௌலா அவர்களின் கண்ணியம் மிக்க மகள்’. அதோடு சரி. இருநூறு கார்டு.

போனை வைத்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான். மறுபக்கத்தில் அன்று காலைதான் தபாலில் வந்த கடிதம் இருந்தது. ‘கல்யாணக் கார்டில்கூடப் பெண்ணின் பெயரை மறைக்கும் வழக்கத்தைச் சாடும் தங்கள் துணிச்சலான சிறுகதை, இந்த மாத இதழில் வெளியாகிறது’ என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ரிஃபாயி எழுத்தாளன். அப்படித்தான் அவன் தன்னை நினைத்துக்கொண்டிருந்தான்; வேறு யாரும் இன்னும் நினைக்க ஆரம்பிக்கவில்லை. ஸோஹாக் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலை தேடி வந்தவன், இந்த ஊரில் பேச ஆள் இல்லாமல் எழுத ஆரம்பித்தான். நடைபாதைக் கடையில் ‘சிறுகதை எழுதுவது எப்படி’ என்று ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. கடைசி அத்தியாயம் கிழிந்துபோயிருந்தது. கதையை எப்படி முடிப்பது என்பது அந்த அத்தியாயத்தில் இருந்திருக்க வேண்டும். அதனால் ரிஃபாயி எழுதிய பன்னிரண்டு கதைகளும் ஒரே மாதிரி முடிந்தன. கதாநாயகன் எழுந்து நின்று இரண்டு பக்கத்துக்குச் சொற்பொழிவு ஆற்றுவான், எல்லோரும் அழுவார்கள்.

மற்ற ஏற்பாடுகளில் அவன் குறை வைக்கவில்லை. எழுத்தாளர்கள் கழுத்தில் துண்டு சுற்றுவதைப் பார்த்து, அவனும் ஒரு கம்பளித் துண்டு வாங்கி ஆகஸ்ட் மாதத்திலும் சுற்றிக்கொண்டான். மோவாயில் கை வைத்தபடி ஒரு போட்டோ எடுத்து ஆறு பிரதி போட்டு வைத்திருந்தான். ஒவ்வொரு கதையோடும் ஒன்றாக அனுப்பியதில் அது ஆறாவது கதையிலேயே தீர்ந்துபோனது. போட்டோ இல்லாமல் அனுப்பிய கதைதான் இப்போது தேறியது என்பதைப் பற்றி அவன் அதிகம் யோசிக்க விரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஒரு காபிக் கடையில் ஏழெட்டுப் பேர் கூடிக் கதை படிப்பார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர் உஸ்தாத் ஃபிக்ரிதான் தலைமை. தன் முறை வரும்வரை எல்லோரும் எல்லோரையும் பாராட்டுவார்கள். ரிஃபாயி இந்தக் கதையைப் படித்தபோது உஸ்தாத் கண்ணை மூடிக் கேட்டார். கதையில், அச்சகத் தொழிலாளி துல்ஃபகார், அப்பா ஷேக் கன்தூரை எதிர்த்துத் தங்கையின் பெயரைக் கல்யாணக் கார்டில் தங்க எழுத்தில் அடிக்கிறான். பந்தலில் எழுந்து நின்று பேசுகிறான். ஷேக் கன்தூர் கண்ணீர் விடுகிறார். படித்து முடித்ததும் உஸ்தாத் கண்ணைத் திறந்தார்.

“அந்தக் கழுதை வருதே, மஹ்ரூஸா, அது அப்படியே உசிரோட நிக்குதுய்யா.”

கழுதை ஒரு பத்தியில்தான் வந்தது. இருந்தாலும் ரிஃபாயிக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

லபீப் வெட்டிய காகிதத்தைத் தட்டி அடுக்கிக்கொண்டே கேட்டார்: “உன் கதையில வர்ற ஆளு என்ன பண்ணான்?”

“பேரைப் போட்டான் முதலாளி.”

“நீ?”

“அது கதைங்க.”

லபீப் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. “சரி சரி, கழுத்துத் துண்டைக் கழட்டிட்டு மிஷின்கிட்ட நில்லு. மாட்டிக்கப் போகுது.”

மத்தியானம் தங்கை நவ்வாரா கூப்பிட்டாள். மொட்டைமாடியிலிருந்து பேசுகிறாள் என்று புறாச் சத்தத்திலேயே தெரிந்தது.

“அண்ணே, அப்பா பேசினாரா?”

“பேசினாரு. பக்கத்துக் கடைக்காரனுக்கும் கேட்டுச்சு.”

“என் பேரைப் போடுண்ணே.”

ரிஃபாயி போனை மறு காதுக்கு மாற்றினான்.

“தங்க மை எல்லாம் வேணாம். கறுப்புல, சின்னதாப் போட்டாப் போதும். டிப்ளமோ சர்டிஃபிகேட்ல ஒரு தடவை என் பேரு அச்சுல வந்துச்சு. அதையும் அப்பா பெட்டியில வெச்சுப் பூட்டிட்டாரு. நாளைக்கு அந்த வீட்டுக்குப் போனா, ‘புதுப்பொண்ணு, இங்க வா’ம்பாங்க. ஒரு பையன் பொறந்துட்டா, அவன் பேரைச் சொல்லி அவனோட அம்மாம்பாங்க. நம்ம அம்மா பேரு ஊர்ல யாருக்காச்சும் தெரியுமா சொல்லு? உம்மு ரிஃபாயி, ரிஃபாயியோட அம்மா, அவ்வளவுதான். இந்த ஒரு தடவைண்ணே.”

அம்மாவின் பெயரை அழித்ததுதான் தான் பிறந்து செய்த முதல் காரியம் என்று ரிஃபாயிக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே, நல்ல வரி, எங்காவது பயன்படுத்தலாம் என்றும் தோன்றியது. எழுத்தாளர்கள் அப்படித்தான்.

“பாக்கறேன்மா,” என்றான்.

பார்த்தான். இரண்டு நாள் அச்சுத் தட்டைப் பார்த்தான், மையைப் பார்த்தான். அப்பா சொன்ன ‘அதுக்கப்பறமும் வராத’ திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. அவனுக்கு இருப்பது அந்த ஒரு ஊர்தான். அலெக்ஸாந்திரியாவில் அவனைத் தெரிந்தவர்கள் லபீபும் செவ்வாய்க்கிழமையும் மட்டும்.

மூன்றாம் நாள், இருநூறு கார்டையும் அப்பா சொன்னபடியே அடித்தான். பிறகு மனசாட்சிக்காக இன்னொன்று அடித்தான். நவ்வாரா என்று, தங்க எழுத்தில், மாப்பிள்ளை பெயரைவிடப் பெரிதாக. ஒரே ஒரு பிரதி. ஊர்க்காரன் ஒருவன் ரயிலில் போனான். அவனிடம் கார்டுக் கட்டைக் கொடுத்தான். அடியில், தங்கைக்கென்று தனிக் கவரில் அந்த ஒற்றைக் கார்டையும், தன் கதை வந்த பத்திரிகையையும் வைத்தான். பத்திரிகையின் முதல் பக்கத்தில், ஒத்திகை பார்த்து வைத்திருந்த கையெழுத்தில், ‘என் அன்புத் தங்கைக்கு, ஆசிரியர்’ என்று எழுதியிருந்தான்.

பத்து நாள் கழித்து, வியாழக்கிழமை சாயங்காலம், ரிஃபாயி ஊரில் இறங்கினான். பிரசுரமான எழுத்தாளனாக இறங்கியதால் துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றியிருந்தான். அம்மா கட்டிப்பிடித்து, “தொண்டை வலியா?” என்று கேட்டாள்.

நவ்வாரா வெயிலில் புளித்த மாவை எடுத்து அடுப்படியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் போய்ப் பக்கத்தில் நின்றான்.

“கதை படிச்சியா?”

“மூணு தடவை.”

“எப்படி இருக்கு?”

“துல்ஃபகார் நல்லாப் பேசறான். ரொம்ப நேரம் பேசறான்.” மாவைத் தட்டினாள். “ஷேக் கன்தூர் வர்றாரு. மாப்பிள்ளை பேரு இருக்கு, அவன் அப்பன் பேரு இருக்கு. கழுதைக்குக்கூட மஹ்ரூஸான்னு பேரு வெச்சிருக்கண்ணே. அந்தப் பொண்ணு பேரு என்ன?”

ரிஃபாயி வாயைத் திறந்தான். மனதுக்குள் கதையை வேகமாகப் புரட்டினான். தங்கை அழுதாள். தங்கை சிரித்தாள். தங்கையின் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. என்ன பெயர் மின்னியது?

“அது... ஒரு பொதுவான...”

“கழுதை பொது இல்லையா?”

உஸ்தாத் ஃபிக்ரி கவனிக்கவில்லை. காபிக் கடையில் ஏழெட்டுப் பேர் கவனிக்கவில்லை. துணிச்சலான கதை என்று எழுதிய ஆசிரியரும் கவனிக்கவில்லை. ரிஃபாயி துண்டைக் கழற்றினான். திடீரென்று ரொம்பப் புழுக்கமாக இருந்தது.

“நீ அனுப்பின ஒத்தைக் கார்டைப் பெட்டியில வெச்சிருக்கேன்,” என்றாள் அவள். “அழகா இருக்கு. நான் மட்டும் பாத்துக்கறதுக்கு. மத்த கார்டையெல்லாம் கவர்ல போட்டு ஒட்டியாச்சு. அந்த வேலையை எங்கிட்டதான் விட்டாங்க.”

அவள் விரலில் நீல மை படிந்திருந்ததை ரிஃபாயி பார்த்தான். கல்யாணப் பெண்ணின் விரலில் மருதாணிக்குப் பதில் மை. கதையில் வைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் நினைக்கவில்லை.

மறுநாள் ஜும்மா தொழுகை முடிந்ததும் அப்பா கார்டுகளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ரிஃபாயியையும் கூடவே இழுத்துக்கொண்டார். ஹாஜ் அப்துல் மௌலாவுக்குத் தன் கையெழுத்தைப் போடத் தெரியும். மற்றபடி எழுத்தோடு அவருக்குப் பழக்கம் இல்லை.

முதலில் ஹாஜ் பஸ்தவீஸியின் வீடு. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கையில் கிடைத்ததைப் படிக்காமல் விடமாட்டார்.

“நம்ம பய அச்சடிச்சது. பத்திரிகையிலெல்லாம் எழுதறான்,” என்று நீட்டினார் அப்பா.

பஸ்தவீஸி கண்ணாடியை மாட்டி, கவரைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பாதியில் நின்றார். ரிஃபாயி அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். ‘கண்ணியம் மிக்க மகள்’ என்ற வரிக்குக் கீழே, நீலப் பேனாவில், பள்ளிக்கூடத்து உருண்டைக் கையெழுத்தில், ‘நவ்வாரா’ என்று எழுதியிருந்தது.

ரிஃபாயி கார்டுக் கட்டிலிருந்து இன்னொரு கவரை உருவி, ஒட்டியதை மெல்லப் பிரித்து, கார்டை லேசாக வெளியே இழுத்துப் பார்த்தான். நவ்வாரா. இன்னொன்றிலும் நவ்வாரா.

பஸ்தவீஸி கண்ணாடிக்கு மேலாக அப்பாவைப் பார்த்தார். பிறகு ரிஃபாயியைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். என்னவென்று சொல்வார்? உங்கள் பெண்ணின் பெயர் இதில் இருக்கிறது என்று சொன்னால், எந்தப் பெயர் என்று கேட்பார். ஒரு மானமுள்ள மனிதன், இன்னொருவனின் வீட்டுப் பெண் பெயரை, அவள் அப்பன் முகத்துக்கு நேரே, தன் வாயால் சொல்வதா?

“முபாரக்,” என்று வாழ்த்தினார் பஸ்தவீஸி கடைசியில். “அச்சு... நல்லா வந்திருக்கு.”

கார்டு உள்ளே போனது. உள்ளே பெண்கள் குரல். படிக்கத் தெரிந்த மருமகள் யாரோ உரக்கப் படிக்கிறாள். பிறகு குலவைச் சத்தம் கிளம்பியது. ஒருத்தி தொடங்க, மூன்று நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

“பாத்தியா? அலெக்ஸாந்திரியா அச்சுன்னா சும்மாவா?” என்று மகன் முதுகில் தட்டினார் அப்பா.

ஆறாவது வீட்டுக்குப் போவதற்கு முன்பே, அங்கே பெண்கள் வாசலில் நின்றிருந்தார்கள். செய்தி மொட்டைமாடி வழியாகப் போயிருக்க வேண்டும். ஆண்கள் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி படித்தார்கள், ஒரே இடத்தில் நின்றார்கள், ஒரே மாதிரி இருமினார்கள், முபாரக் என்றார்கள். ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வழி இல்லை. இத்தனை வீட்டு ஆண்களின் மானமும் வரிசையாக நின்று அவளுக்குக் காவல் காத்தது. ஹாஜ் அப்துல் மௌலா தன் மகளின் பெயரைத் தன் கையாலேயே, பெருமையோடு, வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு போனார். பின்னால் துல்ஃபகாரைப் படைத்தவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே நடந்தான்.

அந்தி சாய்ந்து, மக்ரிப் தொழுகைக்குப் பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். முலுகிய்யாக் கீரையும் ரொட்டியும். அப்பா நல்ல மனநிலையில் இருந்தார்.

“ஊரே இந்தக் கார்டைப் புகழுது. குலவை போட்ட கார்டை நான் பாத்ததே இல்ல. அப்படி என்னடா அடிச்சிருக்க? ஒண்ணு மிச்சம் இருக்கு பாரு. படி, கேப்போம்.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

ரிஃபாயி கார்டைப் பிரித்தான். இறைவன் பெயர், நாள், மாப்பிள்ளை பெயர், அவன் அப்பா பெயர், தாத்தா பெயர். குரல் நன்றாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் பழகிய குரல். “ஹாஜ் அப்துல் மௌலா அவர்களின் கண்ணியம் மிக்க மகள்,” என்று படித்தான். நீல எழுத்தைக் கண்ணால் தாண்டி, பந்தல் போடும் இடத்துக்குப் போனான். இரவு இஷா தொழுகைக்குப் பின் விருந்து. முடித்து, கார்டை மூடிக் கீழே வைத்தான்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் அப்பா. “ஆனா குலவை போட இதுல என்ன இருக்கு?”

அடுப்படியிலிருந்து நவ்வாராவின் குரல் வந்தது. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ரொட்டி கருகுகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்:

“அண்ணே, ஒரு வார்த்தை விட்டுட்ட.”

அப்பா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். “என்னடா விட்ட?”

அம்மா வந்து நிலைப்படியில் நின்றாள். ரிஃபாயிக்குத் துல்ஃபகார் பேசிய இரண்டு பக்கமும் மனப்பாடம். அதில் ஒரு வரிகூட இப்போது உதவாது என்று தெரிந்தது. கார்டை மறுபடி கையில் எடுத்துப் பிரித்தான்.

“நவ்வாரா,” என்று படித்தான்.