கட்டடத்தில் பழுதில்லை

1

“சுவர் எப்படி இருக்கு?”

அப்பா அவளிடம் கேட்டது இவ்வளவுதான். இந்தக் கதை அந்தக் கேள்வியில்தான் பிறந்தது. இதை எழுதுகிறவள் இன்னும் பெரிய காரணம் ஏதாவது சொல்லலாமா என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

அவள் அப்போது உயரமான கண்ணாடிக் கட்டடம் ஒன்றில், ஒரு பெரிய கம்பெனியின் பேன்ட்ரியில் வேலை பார்த்தாள். காபி மெஷினில் பால் ஊற்றுவது, கப் கழுவுவது, யார் கண்ணிலும் படாமல் இருப்பது. மூன்றாவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அப்பா பூச்சு மேஸ்திரி. தோள் தூக்க வராமல் போன பிறகு கரண்டியை வைத்துவிட்டார், பழக்கத்தை வைக்கவில்லை. எந்தச் சுவரைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டுவார். பூச்சு உள்ளே செங்கல்லை விட்டுப் பிரிந்திருந்தால் வெற்றுச் சத்தம் வரும். உறவுக்காரர் வீட்டிலும் உட்காருவதற்கு முன் தட்டிவிடுவார். அதனாலேயே பாதி உறவு போயிற்று என்பது அம்மாவின் கணக்கு.

“நல்லா இருக்குப்பா,” என்றாள் அவள்.

பொய் இல்லை. சுவர் நன்றாகத்தான் இருந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினாள்:

அந்தக் கட்டடத்தின் கண்ணாடிகளில் மாலை வெயில் பொன்னாக

(பொன் வேண்டாம். வாடகைக்கு இருக்கிறவள் பொன்னைப் பற்றி எழுதினால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிடுவார்.)

பிறகு இப்படி:

வீடு கட்டத் தெரிந்த ஒருவர் இருந்தார், அவருக்கு வீடு

(இந்த வாக்கியத்தை முடித்தால் கதையே முடிந்துவிடும்.)

மூன்றாவது முயற்சியில், கதையில் வரும் மகளுக்கு நல்ல வாய் கொடுத்துப் பார்த்தாள். அந்த மகள், வீட்டை விற்று முதலீடு செய்யச் சொல்லி வந்த முகவரைக் கேள்விமேல் கேள்வி கேட்டுத் திணறடித்தாள். படிக்க ஜோராக இருந்தது, நம்பத்தான் முடியவில்லை. நிஜத்தில் முகவர் வந்தபோது, தண்ணீர் டம்ளரை யார் கொண்டுபோய் வைப்பது என்று அவள் கதவுக்குப் பின்னால் அம்மாவோடு கண்ணாலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கதையிலும் அங்கேயே நிற்கட்டும்.

3

முகவர், அப்பாவின் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் மருமகன். அவர் விற்க வந்த சரக்கின் பெயர் ரீட். பலரிடம் பணம் திரட்டிப் பெரிய அலுவலகக் கட்டடங்களை வாங்கி வைத்திருக்கும் ஓர் அமைப்பு அது. வரும் வாடகையில் பெரும்பகுதியை, தன் யூனிட்டுகளை வாங்கியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்.

“மாமா, வீட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? மாடியை வாடகைக்கு விட்டா குழாய் ஒழுகுது, லைட் எரியலன்னு உயிரை எடுப்பான். இதுல அந்தத் தலைவலியே கிடையாது. வாடகை தானா வந்து கணக்குல விழும்.”

“கட்டடம் எது?”

“நிறைய இருக்கு மாமா. இதுதான் பெருசு.” முகவர் கைபேசியில் படம் காட்டினார்.

அப்பா அந்தப் படத்தை விரல் முட்டியால் தட்டினார். படம் பெரிதாகிவிட்டது.

“இது நம்ம பாப்பா வேலை பார்க்கற இடமாச்சே!”

அப்போதுதான் கதவுப் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

தாமே கட்டிப் பூசிய வீட்டை விற்று, மொத்தத்தையும் யூனிட்டுகளாக்கினார். மூவரும் இரண்டு அறை வாடகை வீட்டுக்கு மாறினார்கள். வீட்டு வாடகை, மளிகை, அம்மாவின் மூச்சு மருந்து எல்லாமே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பங்கீட்டில்தான்.

அம்மா ஒரே தடவைதான் வாயைத் திறந்தாள். “தட்டிப் பார்க்க ஒரு சுவராவது இருந்துச்சு. இனிமே என் தலையைத் தட்டிப் பாருங்க. உங்களைக் கட்டிக்கிட்ட தலை, வெத்துச் சத்தம்தான் வரும்.”

4

அடிக்குறிப்பு. (பக்கத்தின் அடியில் இடம் போதாததால் நடுவில் வந்துவிட்டது.)

ரீட் அமைப்பின் அறிக்கை அப்பாவின் கைபேசிக்கு வரும். அப்பா கட்டடப் படங்களை மட்டும் பார்ப்பார். மிச்சத்தை அவள் பேருந்தில் படித்தாள். புரியாத சொல்லைத் தேடித் தேடி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைப் பலமுறை தவறவிட்டுப் படித்தாள்.

வருமானத்துக்காக ரீட் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உள்ளே யார் குடியிருக்கிறார்கள்? எதுவரைக்கும் ஒப்பந்தம்? கட்டடத்தின் தலையில் எவ்வளவு கடன்? கைக்கு வருவதில் உண்மையான வாடகை எவ்வளவு, நாம் போட்ட முதலே திரும்பி வருவது எவ்வளவு? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் அறிக்கையில் மிகச் சின்ன எழுத்தில் இருந்தது. சொந்த வீட்டுச் செங்கல்லை ஒவ்வொன்றாக உருவி விற்றுவிட்டு, வாடகை வந்தது என்று சொல்லிக்கொள்வதுபோல இருந்தது அது.

இன்னொன்று. யூனிட்டின் விலை இறங்க இறங்க, அதே வாடகை சதவீதத்தில் பெரிதாகத் தெரியும். உடம்பு இளைத்தவனுக்குத் தலை பெரிதாகத் தெரிவதில்லையா, அப்படி. முகவர் அந்தத் தலையைக் காட்டித்தான் விற்றிருந்தார்.

அந்தப் பெரிய கட்டடத்தில் பாதிக்குமேல் ஒரே கம்பெனி. அவள் கப் கழுவிய கம்பெனி. அதன் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது.

5

ஒருநாள் நாற்காலிகளில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பச்சை ஒட்டியவை புது இடத்துக்கு. சிவப்பு ஒட்டியவை விற்பனைக்கு. காபி மெஷினுக்குப் பச்சை கிடைத்தது. அவளுக்கு எதுவும் ஒட்டவில்லை.

அன்று சாயங்காலமே வீட்டில் சொன்னாள்.

“கம்பெனி காலி பண்றாங்கப்பா. வெளியில யாருக்கும் இன்னும் தெரியாது. யூனிட்டை இப்பவே வித்துடுங்க.”

“வேற ஆள் வருவான்மா. அவ்வளவு நல்ல கட்டடம்.”

“பக்கத்துக் கட்டடமே பாதி காலிப்பா. எல்லாரும் வீட்லயே உக்காந்து வேலை பார்க்கறாங்க. எவன் வருவான்?”

அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். “சரி, விக்கறேன். யார் வாங்குவா?”

“யாரோ. அதெல்லாம் தெரியாதுப்பா.”

“அவனுக்குக் கம்பெனி காலி பண்றது தெரியுமா?”

அவள் தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

“பூச்சு விட்ட சுவருக்குப் பெயின்ட் அடிச்சு இன்னொருத்தன் தலையில கட்டச் சொல்ற. நான் அந்த வேலை பண்ணதில்ல பாப்பா.”

“அப்ப நம்ம தலையிலேயே இடிஞ்சு விழட்டும்,” என்றாள் அம்மா உள்ளேயிருந்து, இருமலுக்கு நடுவே. “நல்ல மேஸ்திரின்னு பேர் நிக்கும்ல. மூணு வேளையும் அதைக் கரைச்சுக் குடிக்கலாம்.”

“நாளைக்கு நேர்ல வந்து பார்க்கறேன்,” என்றார் அப்பா.

(எழுதுகிறவள் இங்கே வெகுநாள் நின்றுவிட்டாள். இவர் நேர்மையானவரா, அல்லது தம் கணிப்பு தப்பாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ள முடியாமல் நேர்மைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாரா? ஒரு நாள் அப்படி எழுதினாள், ஒரு நாள் இப்படி. இரண்டையும் அடித்தாள். பிறகு அம்மா இருமுவது கேட்டது, எந்தப் பதிலாலும் அந்த இருமல் குறையப் போவதில்லை என்று தோன்றியது.)

6

முடிவுக்கு வருவோம்.

ஒரு முடிவில் புதிய கம்பெனி வருகிறது, வாடகை ஏறுகிறது, அப்பா முகவரைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். எழுதி முடிக்கும் முன்பே அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

இன்னொன்றில் அப்பா விற்றுவிடுகிறார். வாங்கியவர் எங்கோ இருக்கும், வேலையை விட்டு ஓய்ந்த ஒருவர். பெரிய சதவீதத்தைப் பார்த்து மயங்கியவர். அவருக்கும் கதவுக்குப் பின்னால் நிற்கும் ஒரு மகள் இருக்கிறாள். கதை மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குகிறது.

மற்றொன்றில் அப்பா விற்கவில்லை. பங்கீடு சுருங்கிச் சுருங்கி, ஒரு தடவை அம்மாவின் மருந்துக்கு

(இதை அவள் முடிக்கமாட்டாள்.)

நீங்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஒன்று தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள், அவளுக்குத் தோன்றவில்லை. அப்பா கட்டடத்தைப் பார்க்க வந்த காலை வரைக்கும்தான் அவளால் வர முடிகிறது.

7

அப்பா சொன்ன ‘நாளை’ வர ஒரு வாரத்துக்குமேல் ஆயிற்று. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“யாரைப் பார்க்கணும் பெரியவரே?” என்றார் வாசல் காவலாளி.

“கட்டடத்தை.”

“அதான் முன்னாடியே நிக்குதே. நல்லாப் பாருங்க, காசா பணமா?”

அவள் டிரேயோடு லிஃப்டை விட்டு வெளியே வந்தபோது அப்பா பெரிய தூணின் பக்கத்தில் நின்றிருந்தார். முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். சுற்றி வந்து, கீழே, நடுவில், எட்டிய உயரத்தில் என்று மறுபடி மறுபடி தட்டினார். எங்கும் வெற்றுச் சத்தம் இல்லை. அத்தனை கெட்டி. பழுதென்று சொல்ல ஒரு கீறல்கூடக் கிடைக்கவில்லை.

தூணுக்கு அந்தப் பக்கம் ஒருவன் ஏணியில் நின்று, சுவரிலிருந்த கம்பெனியின் பித்தளை எழுத்துகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். கடைசி எழுத்தும் இறங்கியது. ஏணியை மடக்கித் தூக்கிக்கொண்டு போனான். சுவரில் திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

அப்பா அங்கே போனார். தூக்க வராத தோளைத் தூக்கி, ஓர் ஓட்டையின்மேல் கட்டைவிரலை வைத்து, கலவை அடைப்பதுபோல் அழுத்தினார். விரலை எடுத்தபோது ஓட்டை அப்படியே இருந்தது.

“அப்பா,” என்றாள்.

அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து வழி விட்டது. அவளைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.