மருதப்பன் ஸ்டாண்டு போடாத நாள்

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மருதப்பனுடைய மோட்டார் சைக்கிள் சீமையில் செய்த பழைய வண்டி. நடு ஸ்டாண்டு எப்போதோ ஒடிந்துபோய், இடப்பக்கத்துச் சாய்வு ஸ்டாண்டு மட்டும்தான் மிச்சம். சிராங்கூன் சாலையில் ஓர் அச்சகத்துக்குப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. நம்மவர் வீடுகளில் டெலிபோன் அபூர்வமாக இருந்த காலம். ஆகவே ஊர்ச் சங்கத்தில் யாராவது இறந்துவிட்டால், தீவு முழுக்கச் சுற்றித் துக்கம் சொல்லும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது.

துக்கம் சொல்ல வந்தால் அவர் வண்டியை விட்டு இறங்கமாட்டார். இடது காலைத் தரையில் ஊன்றியபடி ஆளைக் கூப்பிட்டு, இன்னார் தவறிவிட்டார், எடுப்பது இத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். இதில் சாஸ்திரம் ஒன்றும் இல்லை. சவம் எடுப்பதற்குள் எல்லா வீட்டுக்கும் போயாக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சனங்கள் கவனித்து வைத்துக்கொண்டார்கள். ஸ்டாண்டைத் தட்டிவிட்டு இறங்கினால் பயமில்லை. போடாமல் நின்றால் யாரோ போய்விட்டார்கள்.

அறுபத்திரண்டாம் வருஷம் நாங்கள் குவீன்ஸ்டவுனில் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். ஒரு பக்கத்து வீடு சரஸ்வதியக்காவுடையது, மறுபக்கம் பாக்கியலட்சுமி. பாக்கியத்தின் கணவன் சுந்தரம் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை அடுக்குகிறவன். ஒரு நாள் அடுக்கு சரிந்து அவன்மேல் விழுந்தது. ஜெனரல் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். அவளுக்கோ எட்டாம் மாதம்; இரண்டு முறை உதிரம் கண்டதால் படி இறங்கக்கூடாது, மனம் அதிரும்படி எதையும் சொல்லக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மருதப்பன் சுந்தரத்தின் கூட்டாளி. தினமும் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார். வண்டிச் சத்தம் கேட்டதும் பாக்கியம் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள். இடது காலைத்தான் பார்ப்பாள்.

"ஸ்டாண்டு போட்டாச்சா?" என்று சரஸ்வதியக்கா உள்ளேயிருந்து கேட்பாள்.

"போட்டாச்சுக்கா."

அதற்குப் பிறகுதான் இரண்டு வீட்டிலும் அடுப்பில் உலை ஏறும்.

ஒரு வெள்ளிக்கிழமை அச்சக வாசலில் அந்த ஸ்டாண்டு ஒடிந்தது. மருதப்பன் தேக்காவில் மெக்கானிக் ரவூப்பின் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். ரவூப் பிற்பாடு எனக்குச் சொன்னது இது.

"இந்தப் பக்கம் கொண்டி விட்டுப்போச்சு. பத்தவைக்கணும். கேஸ் தீந்துபோச்சு, நாளைக்குத்தான்" என்றிருக்கிறான்.

"வலப்பக்கம் எதையாவது முடுக்கிக் குடேன். இன்னிக்கு ஒருநாள்தானே."

"வலப்பக்கமா? எறங்குறப்ப லாரிக்காரன் மடியிலதான் எறங்கணும். நம்ம ரோட்டுல இடதோரமாப் போறோம், வீடும் இடதோரந்தான். வீட்டுப் பக்கம் எறங்குவியா, லாரிப் பக்கம் எறங்குவியா?"

"அப்ப இதுக்காகத்தான் எல்லா வண்டிக்கும் இடப்பக்கம் வச்சானா?"

"வெள்ளக்காரன் வேற கதை சொல்றான். குதிரைக்காரன் இடுப்புல இடப்பக்கம் வாள் தொங்குமாம், அதனால இடப்பக்கமாத்தான் ஏறுவானாம், அதே பழக்கமாம். ஒங்கிட்ட வாளா இருக்கு? ஒழுங்கா செவத்துல சாய்ச்சு வை லா."

ஸ்டாண்டைக் கழற்றிப் பட்டறையில் போட்டுவிட்டு, மருதப்பன் ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்றைக்குத்தான் சுந்தரம் கண் விழித்தான். இரண்டு வார்த்தையும் பேசினான். அதைச் சொல்ல வேண்டும் என்ற வேகத்தில் அவருக்கு வேறு எதுவும் நினைவில்லை.

புளோக்குக்கு முன்னால் சாலை, சாலையோரம் சாக்கடை, அதற்கு அப்பால் புல்தரை. சாய்த்து வைக்கிற சுவர் பக்கத்தில் இல்லை. சாக்கடையோரம் வண்டியை நிறுத்தி, இடது காலை ஊன்றிக்கொண்டு இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"ஸ்டாண்டு போட்டாச்சா?"

பாக்கியம் பதில் சொல்லவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். போடவில்லை.

அவள் அழவில்லை. கம்பியைப் பிடித்தபடியே மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். ஒரு கை தாலியை இறுக்கிக்கொண்டது, மறு கை வயிற்றில் இருந்தது. வெளியே வந்த சரஸ்வதியக்கா கீழே பார்த்தாள். மாரில் அடித்துக்கொண்டு பெரிய குரலில் அழத் தொடங்கினாள். மேல் மாடியிலிருந்தும் குரல் எழுந்தது.

அந்தச் சத்தத்தில்தான் மருதப்பன் நிமிர்ந்தார். "இல்ல, இல்ல" என்று வாய் அசைந்தது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. வண்டியைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி. இரண்டு கையையும் எடுத்துவிட்டு இடப்பக்கம் குதித்தார். அது வலப்பக்கமாகச் சாலையில் விழுந்தது. கண்ணாடி நொறுங்கியது, பின்னால் வந்த லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

படியேறி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. "கண்ணு முழிச்சிட்டாம்மா. பேசினான். பாக்கியம் சாப்பிட்டாளான்னு கேட்டான்."

பாக்கியம் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "பிள்ளைக்காகச் சொல்றீங்க அண்ணே."

"ஸ்டாண்டு ஒடஞ்சி ரவூப் பட்டறையில கெடக்கும்மா."

"பொய் சொல்லாதீங்க."

நல்ல மனிதர்கள் அப்படிப் பொய் சொல்வதுண்டு. அவர் சொல்லியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டேன். பிறகு பாக்கியம் சொன்னாள்: "அக்கா, அண்ணனுக்குத் தண்ணி கொண்டாங்க."

துக்கம் கொண்டுவந்தவர் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பது எங்களுக்குள் வழக்கமில்லை. மருதப்பன் அதில் கண்டிப்பானவர் என்பது எல்லோருக்கும் தெரியும். சரஸ்வதியக்கா செம்பை நீட்டினாள். பாதித் தண்ணீர் சட்டையில் வழிய, அவர் அண்ணாந்து குடித்தார்.

"இன்னொரு செம்பு குடுங்க" என்றார்.

இரண்டாவது செம்பையும் குடித்து முடித்த பிறகுதான் பாக்கியம் அழுதாள். கீழே அந்த லாரிக்காரச் சீனர் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, எதில் சாய்ப்பது என்று தெரியாமல் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

சுந்தரம் பிழைத்தான். பெண் குழந்தை பிறந்தது. மருதப்பன் அதற்குப் பிறகு எந்தச் செய்தியானாலும் ஸ்டாண்டைப் போட்டு இறங்கி, வாசலுக்கு வந்துதான் சொல்வது என்று வைத்துக்கொண்டார். தெருவில் நின்று ஒரு வீட்டை அழவைக்க இனி மனம் வராது என்று என்னிடம் சொன்னார். மற்றவர்களுக்கு அது தெரியாது.

தைப்பூசம் கழிந்து ஒரு நாள் காலையில் வண்டிச் சத்தம் கேட்டது. பாக்கியம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஸ்டாண்டு போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா."

சரஸ்வதியக்கா அடுப்பைத் தணித்துவிட்டுச் செம்பில் தண்ணீரோடு வாசலுக்கு வந்தாள். அவளுடைய தம்பி தேக்காவில் சில நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தான். மருதப்பன் படியேறி வந்து நிலைக்கு வெளியே நின்றார். அவள் செம்பை நீட்டினாள்.

அவர் கையை நீட்டவில்லை.

செம்பு அப்படியே நின்றது. சரஸ்வதியக்கா அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எப்ப?" என்று கேட்டாள்.