மீன் என்று அழித்தது

அலுவலகத்தில் அவளுக்குத் துடைப்பம் என்று பெயர். பாராட்டாகத்தான் வைத்தார்கள். ஆய்வுக் கப்பல் கடலுக்குள் ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதைப் பதிந்துகொண்டு வரும். அந்தப் பதிவில் மீன், குப்பை என்று தண்ணீரில் மிதக்கிற எல்லாவற்றையும் அழித்து, கடலின் தரையை மட்டும் விட்டுவைப்பது அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அழிப்பாள். அவள் கைபட்ட படத்தில் தூசு தும்பு இருக்காது.

அன்று காலை, புதிதாகச் சேர்ந்த விஞ்ஞானிப் பெண் ஒரு படத்தைக் காட்டினாள். கடல் தரையிலிருந்து முப்பது நாற்பது மெல்லிய தூண்கள் எழும்பி நின்றன.

"எல்லாம் மீத்தேன் குமிழி, அக்கா. சேத்துக்குள்ள உறைஞ்சு கெடந்த வாயு. அடித்தண்ணி சூடேற சூடேற வெளிய வருது. பழைய பதிவு இருந்தா எவ்வளவு வேகமா கூடுதுன்னு சொல்லிடலாம். பதினாலு வருஷம் முன்னாடி இந்த இடத்தை நீங்கதானே பாத்தீங்க?"

அவள்தான் பார்த்தாள். அப்போதும் தூண்கள் இருந்தன, நாலோ ஐந்தோ. மீன் கூட்டம் என்று ஒவ்வொன்றாக அழித்தாள். சுத்தமான படம் வந்ததும் மூலப் பதிவைத் தூக்கிப் போட்டுவிடுவது அங்கே வழக்கம். கடலையே அளக்கிற மகானுபாவர்களுக்கு ஓர் அலமாரி வைக்க இடமில்லை.

அன்று அந்தக் கப்பலில் ஒலிக்கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தவன் அவளுடைய அண்ணன். கடல் தரை கொதிக்கிறது என்று கரைக்கு வந்து சொன்னான். அலுவலகத் தலைவர் அவள் துடைத்த படத்தை விரித்து, "கண்ணால் காண்பதும் பொய்யப்பா" என்றார். அறையே சிரித்தது. அன்றிலிருந்து அவன் 'குமிழி'. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வேலையை விட்டான். இப்போது மின்விசிறி பழுதுபார்க்கிறான்.

கப்பலில் நேரம், இடம், ஆழம், எத்தனை தூண் என்று தன் கையாலேயே ஒரு நோட்டில் எழுதிவைப்பான் அண்ணன். அது கிடைத்தால் போதும், அவன் சொல் அம்பலம் ஏறும். அவள் செய்ததும் வெளியே வரும். வந்தால் வரட்டும் என்று அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

கடையில் அவன் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நீ சொன்னது நெஜம். குமிழி இருந்துச்சு. நான்தான் மீனுன்னு நெனச்சு அழிச்சுட்டேன்."

கம்பி சுற்றிய கை நின்றது. "நெஜமாவே இருந்துச்சா?" என்றான். எத்தனையோ வருடமாக அவள் பார்க்காத சிரிப்பு அவன் முகத்தில் வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

"அந்த நோட்டை எடுண்ணா. இப்ப அது ஒண்ணுதான் சாட்சி."

சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது.

"நோட்டு இல்லம்மா. கிழிச்சுட்டேன்."

"ஐயோ, ஏண்ணா? அவங்க சிரிச்சாங்கன்னா?"

"அவங்க சிரிச்சதுக்கு நான் ஏன் கிழிக்கணும்?" அவன் குரலில் கோபம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். "அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன்கிட்ட கேட்டேன். ஒண்ணுமில்லண்ணா, வெறும் மீனுதான்னு சொன்னே. நீயே சொல்லிட்டியேன்னுதான் கிழிச்சேன்."