ஓரத்தில் தெரியும் முகம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் பல் தேய்த்துக்கொண்டே சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அப்பா இறந்து சில மாதங்கள் கழித்து, அவரைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்தேன். முதல் பத்தியைக் குளியலறை வாசலில் நின்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பத்தி இது:

"கடைசி வருடத்தில் அப்பா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். பார்வை மட்டும் என் காதைத் தாண்டிச் சுவரில் எங்கோ இருக்கும். போகப்போகிறவர்கள் நெருக்கமானவர்களிடமிருந்துதான் முதலில் விலகத் தொடங்குகிறார்கள் போலும்."

(கடைசி வாக்கியத்தை எழுதியதும் எனக்கே கண் கலங்கியது. எழுதுகிறவருக்கே கண் கலங்கினால் அந்த வாக்கியத்தைச் சந்தேகப்பட வேண்டும். நான் சந்தேகப்படவில்லை.)

மகள் வாய் நிறைய நுரையோடு சொன்னாள்: "விலகலும் இல்ல ஒண்ணும் இல்ல. தாத்தாவுக்குத்தான் நடுவுல தெரியாதே."

"என்ன தெரியாது?"

அவள் துப்பினாள். கொப்பளித்தாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"ஐயோ," என்றாள்.

2

ஆகவே, வேறு தொடக்கம்.

"என் அப்பா ஓர் எளிய மனிதர்" — வேண்டாம். செத்த பிறகு எல்லா அப்பாக்களும் எளிய மனிதர்கள்தான்.

"அவர் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்" — எதற்கு?

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ரயில் பெட்டி போல ஒடுங்கி நீண்ட அறை. ஒரு சுவர் முழுக்க ஃப்ரேம்கள். கடைசியில் உயரமான நாற்காலி, அதற்கு எதிர்ச் சுவரில் விளக்கு பொருத்திய எழுத்து அட்டை. வருகிறவரின் மூக்கில் கனமான ஒரு சோதனைச் சட்டத்தை மாட்டி, மரப்பெட்டியிலிருந்து லென்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செருகுவார்.

"இது தெளிவா?" லென்ஸை மாற்றுவார். "இதுவா?"

பெரிய பெரிய ஆட்கள்கூட அந்த நாற்காலியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிவிடுவார்கள். "சரியாச் சொல்லிட்டேனா சார்?"

"பரீட்சை உங்களுக்கு இல்லீங்க, லென்ஸுக்கு."

சிலர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு என்பார்கள், குற்றவாளி போல. அப்பாவுக்கு அந்தப் பதில்தான் பிடிக்கும். "அப்படின்னா கிட்ட வந்துட்டோம்," என்பார்.

என்னுடைய கதைகளை அவர் ஒன்றுவிடாமல் படித்தார். ஒவ்வொன்றின் முடிவையும் திட்டினார். "எல்லாரையும் நட்டநடுத் தெருவுல விட்டுட்டு நீ மட்டும் வீட்டுக்கு வந்துடுற. அது பாவம் இல்லையா?" எனக்கு விருது கொடுத்த மேடையிலிருந்து இறங்கியபோதும் இதையேதான் கேட்டார். ஒரு தடவை மட்டும், கடைசிக் கதைக்கு, காலையிலேயே தொலைபேசியில் கூப்பிட்டார். "இந்தத் தடவ முடிவு மூக்குல சரியா உக்காந்திருக்கும்மா," என்றார்.

சரியாக உட்கார்ந்திருக்கிறது என்பது அவர் ஃப்ரேமுக்குக் கொடுக்கும் உச்சபட்சப் பாராட்டு. அதற்குப் பிறகு வந்த நாட்களில், ஆஸ்பத்திரியிலும், எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த வீட்டிலும், நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். பார்வையின் நடுவில் எதுவும் தெரியாதவர் அந்தக் கதையை எப்படிப் படித்தார்?

3

கடைக்குப் போனேன். லென்ஸ் வெட்டுகிறவர் இருந்தார். மேலெல்லாம் லென்ஸ் பொடி படிந்தே இருப்பதால் அவருக்குத் தூசி என்று பெயர். தலைமுடி நரைத்ததா, பொடியா என்று இப்போது சொல்ல முடியாது. எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. அவருக்கு நான் இன்னும் பாப்பா.

"சொல்லிட்டாளா?" என்றார் என்னைப் பார்த்ததுமே. "அவ வாய்ல எதுவும் நிக்காதுன்னு முதலாளிகிட்ட அப்பவே சொன்னேன்."

"என்னண்ணே நடந்தது?"

"அட்டை மஞ்சளாப் போச்சுன்னு புதுசு வாங்கினோம். உன் பொண்ணுதான் ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினா. அவர் வெளிய போயிருந்தாரு. வந்தாரு, நாற்காலில உக்காந்தாரு. நான் சும்மா, முதலாளி வாசிங்க பாப்போம்னேன். கடகடன்னு வாசிச்சாரு. கடைசி வரி வரைக்கும்."

"சரிதானே?"

"பழைய அட்டையை வாசிச்சாரு, பாப்பா. ஒரு எழுத்து பிசகல."

இருவரும் சுவரிலிருந்த புது அட்டையைப் பார்த்தோம்.

"இவ சிரிச்சா. அப்புறம் அழுதா. அவரு மட்டும் அசையல. 'புதுசு மாட்டிட்டீங்களா'ன்னாரு. டாக்டர்கிட்ட ஏற்கெனவே போயிட்டு வந்திருக்காரு. கண்ணாடி போட்டா சரியாகிற விஷயம் இல்லையாம். நடுவுல புகை, ஓரம் மட்டும் தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

தூசி அண்ணன் மேசையை ஒரு துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அவகிட்ட சொல்லாதீங்க, கதை எழுதிடுவான்னாரு."

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

"நீ வந்தா மட்டும் கொஞ்சம் திரும்பி உக்காருவாரு, கவனிச்சிருக்கியா? நேராப் பாத்தா அவ மொகம் இருக்கிற இடத்துல ஒண்ணுமே இல்லடா, சுவரப் பாத்தா அவ தெரியறா, அப்படிம்பாரு."

4

முதல் பத்தியை அடித்துவிட்டேன். ஆனால் நீங்கள் அதை ஏற்கெனவே படித்துவிட்டீர்கள்.

5

(இந்த இடத்தில் எனக்கு என் மகள் மேல் ஒரு சந்தேகம். மகளாக இல்லை, கதாபாத்திரமாக. பதினேழு வயதுப் பெண் ஒரு வருடம் முழுக்க ரகசியம் காப்பாளா? அலமாரிச் சாவியை எங்கே ஒளித்து வைத்தேன் என்பதையே விருந்தாளிகளிடம் சொல்கிறவள். ஆனால் காப்பாற்றியிருக்கிறாள். அவளை எனக்குத் தெரியும் என்று நினைத்து எழுதுகிறேன், அப்பாவைத் தெரியும் என்று நினைத்ததைப் போலவே.)

"நீதான் வாசிச்சுக் காட்டினியா?"

"எல்லாக் கதையும் இல்லம்மா. கடைசி ரெண்டு மூணு. ஸ்கூல் விட்டுக் கடைக்குப் போவேன்ல, அப்ப."

"அந்த பஸ் கதையையும்?"

அப்பா பாராட்டிய அந்தக் கடைசிக் கதையில் ஒரு பெண் வீட்டைப் பூட்டாமல் வெளியே வந்து, முதலில் வந்த பஸ்ஸில் ஏறி உட்காருகிறாள். பஸ் கிளம்புகிறது. அவ்வளவுதான் முடிவு. நான் எட்டு முறை திருத்திய முடிவு.

மகள் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"கடைசிப் பக்கம் வந்ததும் எனக்கே கடுப்பாயிடுச்சு. தாத்தா வேற திட்டப்போறார்னு... நானே முடிச்சிட்டேன்."

"எப்படி?"

"அடுப்ப அணைக்கலன்னு ஞாபகம் வந்து இறங்கி ஓடுறா."

"கடவுளே."

"தாத்தாவும் அதேதான் சொன்னார். வேற லென்ஸ் போடுன்னார். அப்புறம் பின்சீட்ல அவ புருஷன் உக்காந்திருக்கான்னு சொன்னேன். அவனும் அவளுக்குத் தெரியாம ஓடிப்போறான். தாத்தா அப்படிச் சிரிச்சார் பாரு, தூசி மாமா உள்ளயிருந்து ஓடி வந்துட்டார். அப்புறம் நீ எழுதினது இதுதான்னு இன்னொண்ணு சொன்னேன்."

"என்ன?"

"மறந்துபோச்சும்மா. சத்தியமா. வாய்க்கு வந்ததுதானே. அதுக்குத்தான் தாத்தா தலையாட்டினார்."

அப்பாவுக்குப் பிடித்த ஒரே முடிவு. என் பெயரில் இருந்தது. நான் எழுதவில்லை. சொன்னவளுக்கு நினைவில்லை. இதைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதலாம், அதில் — இல்லை. விடுங்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்டேன்.

"அது என் முடிவு இல்லன்னு தாத்தாவுக்குத் தெரியுமா?"

அவள் மூக்கைச் சொறிந்துகொண்டாள். அப்பாவின் மூக்கு அவளுக்கு. ஃப்ரேம் நழுவாத மூக்கு என்று அவரே மெச்சிக்கொள்வார்.

"நீதானேம்மா கதை எழுதுறவ," என்றாள். "எது வேணுமோ நீயே வச்சுக்கோ."

6

இரண்டு முடிவுகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று. அவருக்குத் தெரியாது. நான் கடைசியில் ஒரு பெண்ணைத் தெருவில் விடாமல் கரைசேர்த்துவிட்டேன் என்று நம்பினார். திட்டித் திட்டியே மகளைத் திருத்திவிட்டதாக நினைத்து, அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் காலையிலேயே தொலைபேசியை எடுத்து, ஓரப் பார்வையில் எண்களைத் தேடித் தேடி அழுத்தினார்.

இன்னொன்று. அவருக்குத் தெரியும். புருஷன் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தபோதே தெரியும், இது என் சரக்கு இல்லை என்று. இத்தனை வருடம் ஒவ்வொரு கதையையும் எழுத்தெழுத்தாகப் படித்தவர் அல்லவா. ஆனாலும் மறுநாள் காலையில் எண்களைத் தேடித் தேடி அழுத்தினார். பேத்தியின் முடிவுக்கான பாராட்டை என்னிடம் கொடுத்தார். நேராகத் தர முடியாததைச் சற்றுத் தள்ளிப் பார்த்துத் தந்தார்.

முதலாவதை நினைத்தால் அவரை ஏமாற்றிவிட்டோம் என்று வலிக்கிறது. இரண்டாவதில், கடைசிவரை என் முடிவு எதுவும் அவருக்குப் பிடிக்கவே இல்லை. எழுதிப் பார்த்தேன், மாற்றிப் போட்டேன். நேற்று மாலை மகளைக் கூப்பிட்டு இரண்டையும் சத்தமாக வாசிக்கச் சொன்னேன், முடிவை மட்டும் மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு. அவள் ஒன்றை வாசித்தாள், மற்றதை வாசித்தாள், மறுபடியும் முதலாவதை. இரண்டிலும் எண்களைத் தேடித் தேடி அழுத்தும் இடத்தில் அவள் குரல் ஒரே மாதிரிதான் இடறியது.

"எதும்மா சரி?" என்றாள்.

நான் அவளைப் பார்க்காமல், அவள் காதைத் தாண்டிச் சுவரைப் பார்த்தேன். முயன்று பார்த்தால் கஷ்டமில்லை. ஓரத்தில் முகம் தெரிகிறது. மூக்குகூடத் தெரிகிறது.

நடுத்தெருவில்தான் விடுகிறேன், அப்பா மன்னிக்கட்டும். ஆனால் இந்தத் தடவை நான் வீட்டுக்குப் போகவில்லை, உங்களோடுதான் நிற்கிறேன். உயரமான அந்த நாற்காலியில் உட்காருங்கள். பரீட்சை உங்களுக்கு இல்லை.

இது தெளிவா?

இதுவா?