நுனி விட்ட நூல்

ரோஜா இறந்து பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. சின்னத்தாய்க்கு மட்டும் அது தெரியாது.

இருவரும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், ஒரே ஷெட்டில், எதிரெதிரே உட்கார்ந்து அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றியவர்கள். ஷெட் எரிந்தபோது சின்னத்தாய் வாசல் பக்கம் இருந்தாள். இரண்டு கைகளும் கழுத்தின் ஒரு பக்கமும் வெந்தன. ரோஜாவை மதுரைக்குக் கொண்டு போனார்கள். அன்றைக்கே உயிர் போய்விட்டது. சின்னத்தாய் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்விக்கு அவள் புருஷன் இருளாண்டி, "மதுரையில இருக்கா, தேறிக்கிட்டு வாரா" என்றான். பிறகு பார்க்க வந்த எல்லோரும் அதையே சொன்னார்கள்.

பத்தொன்பதாம் நாள் அவளை வெம்பக்கோட்டை ரோட்டில் இருந்த மறுவாழ்வு இல்லத்துக்குக் கொண்டுவந்தார்கள். தீக்காயம் பட்டவர்களுக்குக் கை காலை மடக்கி நீட்டப் பயிற்சி கொடுக்கும் இடம். ஹெப்சிபா அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பி.எஸ்சி. வேதியியல் முடித்தவள். மருந்து இருப்பைப் பார்ப்பதும் பதிவேடு எழுதுவதும் அவள் வேலை. பேச வேண்டிய அவசியமில்லாத வேலை என்பதால்தான் அதை எடுத்துக்கொண்டாள்.

நர்ஸ் பாக்கியவதி அவளை ஸ்டோர் ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"புதுசா வந்திருக்கிற பொண்ணு ரோஜா, ரோஜான்னு கேக்கும். மதுரையில இருக்கான்னு சொல்லு. இப்ப உண்மை தெரிஞ்சா சோறு எறங்காது. சோறு எறங்கலேன்னா புண்ணு ஆறாது. பயிற்சியும் செய்யாது, வெரல் அப்படியே வெறைச்சிரும். கை மடங்கட்டும். பெறகு அவ வீட்டுக்காரர் சொல்லிக்குவார்."

ஹெப்சிபா தலையாட்டினாள்.

"ஒனக்கு இது கஷ்டமா இருக்காது. நீதான் யார்கிட்டயும் வாயே தொறக்கறதில்லையே."

அந்த வாரம் வெளிநாட்டுச் சபை ஒன்றிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே டேப் உருளைகளும் உல்லன் நூல் பந்துகளும் இருந்தன. டேப் வெள்ளி நிறம். உள்ளே துணி வைத்துத் தடிமனாக இருந்தது; கையால் கிழித்தாலே நேராகக் கிழிந்தது. கூடவே படம் போட்ட ஒரு தாள். இரண்டையும் வைத்துப் பர்ஸ், வளையல், பேனா ஸ்டாண்டு செய்வது எப்படி என்று அதில் இருந்தது.

"சித்திரை மாசம் விருதுநகர் ஜில்லாவுக்கு உல்லன் நூல்" என்று பாக்கியவதி சிரித்தாள். "ஸ்வெட்டர் பின்னிப் போட்டுக்கிட்டுப் பஸ் ஏறலாம். ஏம்மா, நீ படிச்ச பிள்ளைதானே. இதைப் பாத்து இவங்களுக்குச் சொல்லிக்கொடு. வெரலுக்குப் பயிற்சியாச்சு."

மறுநாளிலிருந்து எல்லோரும் ஹெப்சிபாவை டீச்சர் என்றார்கள்.

அவள் வாயால் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. தாளை நடுவில் வைத்துவிட்டு, தான் ஒன்று செய்து காட்டினாள். பழைய பிளாஸ்டிக் வளையலில் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி சுற்ற வேண்டும். அதன் மேல் நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போனால் பசையில் பிடித்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு நூல் விரலில் ஒட்டியது. திட்டினார்கள், சிரித்தார்கள். சின்னத்தாய்க்கு வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் அசைந்தன. இரண்டையும் வைத்து அவள் மெதுவாகச் சுற்றினாள். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் டேப்பின் வெள்ளி தெரியவில்லை.

சுற்றி முடித்ததும் ஒரு சாண் நூலை மிச்சம் விட்டு, நுனியை எதிரே நீட்டினாள். எதிரே ஹெப்சிபா உட்கார்ந்திருந்தாள். அவள் வாங்கக் கை நீட்டியபோது சின்னத்தாய் இழுத்துக்கொண்டாள்.

"பழக்க தோசம் டீச்சர். நான் சுத்துவேன், நுனியை ரோஜா கையில குடுப்பேன். அடைக்கிறது அவ வேலை. பதிமூணு வருசம். நானா ஒரு வெடிகூட முடிச்சதில்ல." பிறகு வளையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேன் மதுரைக்குப் போகுமில்ல? நீங்களும் போவீகன்னாக?" என்று கேட்டாள்.

வாரத்துக்கு ஒருநாள் இல்லத்து வேன் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும். கைக்கு இறுக்கமாகப் போடும் உறைகளை வாங்கி வர ஹெப்சிபா அதில் போவாள்.

"போவேன்."

"அப்ப இதை அவகிட்ட குடுங்க. நுனியை அடைச்சு அவளே போட்டுக்கிடட்டும். அடுத்த வாட்டி ரெண்டு தாரேன். ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு எனக்கு."

ஹெப்சிபா வாங்கிக்கொண்டாள்.

மதுரையில் உறைகள் தயாராக எப்போதும் இரண்டு மணி நேரம் பிடிக்கும். டிரைவர் வேலுச்சாமி வேனில் தூங்கிவிடுவார். ஹெப்சிபா புறநோயாளிகள் பகுதியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டாள். பைக்குள் வளையல் இருந்தது. சிவப்பும் மஞ்சளும். ரோஜாவை அவள் பார்த்ததேயில்லை. நெட்டையா குட்டையா என்றுகூடத் தெரியாது.

திரும்பி வந்ததும் சின்னத்தாய் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னா?"

"நல்லா இருக்குன்னாங்க."

"அம்புட்டுத்தானா?" சின்னத்தாய் முகம் சுருங்கியது. "அவ அப்படிச் சொல்ற ஆளில்லையே. எதைக் குடுத்தாலும் ஒரு கொறை சொல்லாம வாங்க மாட்டா. ஒடம்புக்கு ரொம்ப முடியலையோ?"

அன்று அவள் பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டாள். பாக்கியவதி ஹெப்சிபாவைப் பார்த்த பார்வை ஸ்டோர் ரூம்வரை பின்னாலேயே வந்தது.

அடுத்த வாரம் ஹெப்சிபா பதிலை யோசித்து வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். "கலர் கண்ணைக் குத்துதாம். திருவிழாவுல ராட்டினக்காரன் போடற வளையல் மாதிரி இருக்காம்."

சின்னத்தாய் சிரித்தாள். கழுத்துத் தோல் இழுத்தது. வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தாள். "அதான் ரோஜா! கழுதை. இவ போடற பச்சைச் சேலைக்கு நான் எம்புட்டு நாள் கண்ணை மூடிக்கிட்டு வேலை பாத்திருப்பேன்!"

அதற்குப் பிறகு ரோஜாவைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கம்பெனி வேனில் ஜன்னலோர இடத்துக்கு ரோஜா போடும் சண்டை, போர்மேனைப் போலவே அவள் இருமிக் காட்டுவது, கருவாட்டு வாசனை பட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிடுவது. ஹெப்சிபா கேட்டாள். கல்லூரியில் மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்கூட அவளிடம் இவ்வளவு பேசியதில்லை. சாயங்காலம் அச்சகத்துக்கு மேலே இருந்த தன் அறைக்குப் போனதும், அடுத்த வாரம் ரோஜா என்ன சொல்லுவாள் என்று யோசித்தாள். சிலசமயம் வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தாள். கீழே மிஷின் ஓடும் சத்தத்தில் அது யாருக்கும் கேட்காது. ரோஜாவுக்கென்று வாங்கி வந்தவை ஜன்னல் விளிம்பில் சேர்ந்தன: வளையல், செல்போன் உறை, உல்லன் பூ வைத்த தலைக் கிளிப். அவள் ஒன்றைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

சின்னத்தாய் முன்பு சொன்னபடி ஜோடியாக இரண்டு பர்ஸ் செய்து கொடுத்தபோதுதான் சிக்கல் வந்தது. ஒன்று ரோஜாவுக்கு; மற்றதைச் சின்னத்தாய் தனக்கென்று வைத்துக்கொள்ள, ரோஜா நுனி அடைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஹெப்சிபா மதுரைப் பெஞ்சில் உட்கார்ந்து நூல் நுனியை இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினாள். பையில் இருந்த கத்தரியால் மிச்சத்தை ஒட்ட வெட்டினாள். அவிழாது என்று இழுத்துப் பார்த்துத் திருப்தியானாள்.

சின்னத்தாய் பர்ஸை வாங்கி, ஆள்காட்டி விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தாள். முடிச்சில் விரல் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது.

"அவளுக்குக் கை போயிருச்சா டீச்சர்?"

ஹெப்சிபாவுக்குப் புரியவில்லை.

"ரோஜா முடிச்சுப் போட மாட்டா. எங்க வேலையில முடிச்சே கெடையாது. முடிச்சுப் போட்டா அந்த எடத்துல புடைச்சு நிக்கும், வெடி டப்பாவுல சரியா உக்காராது. கத்தரியும் மருந்து ஷெட்டுக்குள்ள வரக் கூடாது. கடைசிச் சுத்துக்கு அடியில நுனியைச் செருகி நகத்தால தள்ளுவா. எங்க முடிஞ்சுதுன்னு எனக்கே தெரியாது. அவ போயி ரெண்டு முடிச்சு போட்டிருக்கான்னா..." அவள் தன் கட்டுப்போட்ட இடது கையைப் பார்த்தாள். "செருகறதுக்கு நகமும் இல்ல, வெரலும் இல்ல. யாரோ பிடிச்சுக்க, பல்லால இழுத்து முடிஞ்சிருக்கா. இல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு அடுத்த வாக்கியம் எதுவாக இருக்க முடியும் என்று ஹெப்சிபாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் பேசாமல் நின்றாள். சின்னத்தாய் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

அன்று சாப்பிடமாட்டாள் என்று ஹெப்சிபா பயந்தாள். சின்னத்தாய் சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி சோறு கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும் சேத்து எனக்காச்சும் கை வேணுமில்ல" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து பயிற்சியில் அவள் அலறுவதை நிறுத்திவிட்டாள். பாக்கியவதி விரல்களை மடக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு, "இன்னும் மடக்குங்க சிஸ்டர்" என்றாள். மத்தியானம் எல்லோரும் படுத்திருக்கையில் டேப்பைக் கிழித்துக் கிழித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். நடுவிரல் மடங்கியது. மோதிர விரல் பாதி மடங்கியது. ஸ்பூனால் தண்ணீரை ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குச் சிந்தாமல் ஊற்றப் பழகினாள்.

"இது எதுக்கு?" என்று பாக்கியவதி கேட்டாள்.

"கஞ்சி ஊட்டறதுக்கு. நாளைக்கு ரோஜா வந்தா யாரு ஊட்டுவா? அவ அம்மாவுக்குக் கண்ணு தெரியாது."

பாக்கியவதி ஸ்டோர் ரூமில் ஹெப்சிபாவின் கையைப் பிடித்தாள். "நீ என்ன சொன்னியோ தெரியல. ஆனா கை வேலை செய்யுது."

"நான் எதுவும் சொல்லலை, சிஸ்டர்."

"நல்லதுதான். சொல்லாதே."

ஹெப்சிபா தன் அறையில் நுனியைச் செருகிப் பார்த்தாள். கடைசிச் சுற்றுக்கு அடியில் விட்டு நகத்தால் தள்ளினாள். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு சரியாக வந்தது. ஆனால் அப்படிச் செய்து கொண்டுபோனால் ரோஜாவுக்கு விரல் வந்துவிடும். செய்யாவிட்டால் விரல் இல்லாத ரோஜா மதுரையில் உயிரோடு இருந்துகொண்டே இருப்பாள். அவள் நூலைப் பிரித்துப் பந்தில் சுற்றி வைத்தாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. இருளாண்டி காலையிலேயே வந்துவிட்டான். புதுச் சட்டை. ஹெப்சிபா அவனை வராந்தாவில் பிடித்தாள். தானாகப் போய் ஒருவரிடம் பேசியது அங்கே அதுதான் முதல் தடவை.

"அவங்ககிட்ட எப்ப சொல்லப் போறீங்க?"

"வீட்டுக்குப் போயிச் சொல்லுதேன் டீச்சரம்மா. அங்கனன்னா நாலு பொம்பளைக இருப்பாக, பிடிச்சுக்கிடுவாக." அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "நேத்தே சொல்லணும்னுதான் வந்தேன். ரோஜாவுக்குக் கை இல்லாட்டியும் நம்ம வீட்டுலயே வச்சுக்கிடுவோம்னு சொல்லுதா. நான் சரின்னுட்டேன். வேற என்ன சொல்லட்டும்?"

உள்ளே சின்னத்தாய் துணிப்பையைத் தானே கட்டிக்கொண்டிருந்தாள். மற்ற கட்டில்காரர்கள் கேலி பேசினார்கள். மூலைக் கட்டிலில் இருந்த செல்லத்தாய், "போனதும் எங்களை மறந்துருவா. வெள்ளி டேப்பு கம்பெனி வச்சு மொதலாளி ஆயிருவா பாரு" என்றாள்.

"வச்சா ஒன்னைத்தான் மொதல்ல வேலைக்குச் சேப்பேன். ஒனக்குக் கூலி கெடையாது, டேப்பு மட்டும்தான்." சின்னத்தாய் சிரித்தபடி வெளியே வந்தாள். இருளாண்டியிடம் பையைக் கொடுத்தாள். "வீட்டுப் பக்கம் போற பஸ்ஸை விட்டுருவோம். மதுரை பஸ் பிடிக்கணும்."

"மதுரைக்கா? இன்னைக்கு எதுக்கு? வீட்டுக்குப் போயி, குளிச்சு..."

"ரெண்டு மாசம் ஆகப் போகுது, அவ மூஞ்சியைப் பாத்து. குளிச்சுட்டு வந்தா மட்டும் ஒன் மூஞ்சி வெளுத்துருமாக்கும்? நட." ஹெப்சிபா பக்கம் திரும்பினாள். "டீச்சர், அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில எனக்கு வழி தெரியாது. எந்த வார்டு? மாடியா, கீழயா?"

இருளாண்டி கேட்டைப் பார்த்தான். ரோட்டில் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. "டீ வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிப் பையோடு நடந்தான். கேட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போகாமல் புளியமரத்தடியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். பாக்கியவதி வராந்தாக் கோடியில் இருந்து தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

மாடி என்று சொன்னால் சின்னத்தாய் பஸ் ஏறுவாள். பெரிய ஆஸ்பத்திரியின் மாடிப்படியில், கஞ்சிக்கான ஸ்பூனை வைத்துக்கொண்டு, தெரியாத யாரிடமோ ரோஜாவின் பெயரைக் கேட்பாள். அந்த யாரோ பதிவேட்டைப் புரட்டிவிட்டு, தலையைத் தூக்காமலே பதில் சொல்லுவார்கள்.

"என்ன டீச்சர், மறந்து போச்சா? வாராவாரம் போனீகளே."

ஹெப்சிபா சின்னத்தாயின் கையைப் பிடித்தாள். உறைக்குள் அந்த விரல்கள் மெல்ல மடங்கி அவள் கையைத் திருப்பிப் பிடித்தன. நன்றாகவே பிடித்தன.

"முடிச்சுப் போட்டது நான்" என்றாள். பஸ் ஹார்னில் அது சின்னத்தாய்க்குக் கேட்கவில்லை. ஹெப்சிபா வராந்தாப் படியைக் காட்டினாள். "அக்கா, இங்க கொஞ்சம் உக்காருங்க."

"உக்காந்தா பஸ் போயிரும். சொல்லுங்க, எந்த வார்டு?"

"எந்த வார்டும் இல்லக்கா. ரோஜா அன்னைக்கே செத்துட்டாங்க."